போல்ட்டுக்குக் கீழே ஒரு பழுப்புக் கோடு

சென்னை சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி ரயிலைப் பிடித்துப் பொன்னேரியில் இறங்கி, அங்கிருந்து பழவேற்காடு பஸ்ஸில் ஏறினால் ஏரிக்கரையில் போய் நிற்கலாம். கரையில் கிடப்பவை பெரும்பாலும் பைபர் படகுகள். ஒரு தலைமுறைக்கு முன்பு இந்தக் கடற்கரை முழுக்கக் கட்டுமரங்கள் கிடந்தன. 2004 டிசம்பர் 26 அன்று வந்த சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்திறங்கிய படகுகளில் பைபரே மிகுதி; கட்டுமரத்தின் காலம் அதோடு ஏறக்குறைய முடிந்தது.

அந்தப் படகுகளில் கொஞ்சம் வயதான ஒன்றின் பின்பக்கம் போய் நின்று பாருங்கள். எஞ்சினையோ சுக்கானையோ தாங்கும் உலோகச் சட்டத்தை நான்கைந்து போல்ட்டுகள் பிடித்திருக்கும். ஏதாவது ஒரு போல்ட்டின் அடியிலிருந்து, கண்ணீர் வழிந்து காய்ந்ததுபோல, ஒரு பழுப்புக் கோடு கீழே இறங்கியிருக்கும். அழுக்கு என்று நினைத்து அதைத் தேய்த்துக் கழுவுவோம். அடுத்த மழைக்கு அதே இடத்தில் அதே கோடு திரும்ப வந்து நிற்கும்.

சென்னைத் துறைமுகத்துக்குள் பாய்விரித்துப் பழகும் சிறுவர்களின் படகிலும் இதே கோட்டைப் பார்க்கலாம். அங்கே ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911 முதல் இருக்கிறது; சென்னைத் துறைமுகத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் தொடங்கியது. சிறுவர்கள் முதலில் ஏறுவது ஆப்டிமிஸ்ட் என்ற தொட்டி போன்ற குட்டிப் படகில். அதன் நீளம் 2.36 மீட்டர், எடை 35 கிலோ. கொஞ்சம் வளர்ந்தபின் லேசர்: 4.23 மீட்டர் நீளம், ஏறக்குறைய 59 கிலோ. சென்னையின் நேத்ரா குமணன் லேசர் ரேடியல் பிரிவில்தான் தோக்கியோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றார். பாய்மரப் படகோட்டத்தில் அந்தத் தகுதியைப் பெற்ற முதல் இந்தியப் பெண் அவர். மீன்பிடிப் படகும் ஒலிம்பிக் படகும் ஒரே பொருளால் ஆனவை. இரண்டுக்கும் நோய் ஒன்று, மருந்தும் ஒன்று.

அந்தப் பழுப்புக் கோட்டை நான் அழுக்காகப் பார்ப்பதில்லை. உள்ளே நமக்குத் தெரியாமல் நடக்கும் ஒன்றைப் பற்றிய முதல் தகவல் அது. கறையைத் துடைப்பதும் கசிவை அடைப்பதும் ஒரே வேலையின் இரண்டு பாதிகள். அதைப் புரிந்துகொள்ள இந்தப் பொருளின் உள்ளே கொஞ்சம் போய்வர வேண்டும்.

பைபர் படகைச் செய்யும் முறையே விநோதமானது. வீடு கட்டும்போது சுவர் எழுப்பி, பூசி, கடைசியில் வர்ணம் அடிப்போம். இங்கே வர்ணம்தான் முதலில். மெழுகு தடவிப் பளபளக்க வைத்த அச்சுக்குள் முதலில் ஜெல்கோட் என்ற வண்ணப் பிசினைப் பூசுவார்கள். அது அரை மில்லிமீட்டர் அளவுக்குத்தான் இருக்கும். அது பாதி இறுகியதும் அதன்மேல் கண்ணாடி இழைப் பாயை விரித்து, ஹார்டனர் கலந்த பாலியெஸ்டர் பிசினை ஊற்றி உருளையால் அழுத்துவார்கள். அப்படிப் பாய்மேல் பாயாக அடுக்கிக்கொண்டே போவார்கள். கடைசியில் அச்சிலிருந்து கழற்றினால் முதலில் பூசியது வெளியே வந்து மினுங்கும். தோல் முதலில் பிறந்து, சதை பிறகு வளர்ந்த உடல் அது.

கண்ணாடி என்றால் உடைவது என்றுதான் நமக்குப் பழக்கம். ஆனால் அதைத் தலைமுடியைவிடப் பலமடங்கு மெல்லிய இழையாக இழுத்துவிட்டால், அதே தடிமனுள்ள சாதாரண இரும்புக் கம்பியைவிட அதிகம் தாங்கும். ஏன் என்று இங்கிலாந்தில் ஏ. ஏ. கிரிஃபித் என்ற பொறியாளர் 1920-களின் தொடக்கத்தில் கண்டுபிடித்தார். கண்ணாடி உடைவது அதன் மேற்பரப்பில் உள்ள கண்ணுக்குத் தெரியாத கீறல்களால். இழை மெலிய மெலிய, பெரிய கீறலுக்கு அதில் இடமே இல்லாமல் போகிறது. அப்படிப்பட்ட லட்சக்கணக்கான இழைகளைப் பிசின் சேர்த்துப் பிடித்திருப்பதுதான் படகு. ஓரிழை அறுந்தாலும் அதன் சுமையைப் பக்கத்து இழைகள் வாங்கிக்கொள்ளும்.

இத்தனை வலுவான உடலில் பலவீனமான இடம், நாமே துளை போட்ட இடம். போல்ட்டு இறங்குவதற்காக ஜெல்கோட்டைத் துளைக்கும்போது தோலைத் திறந்துவிடுகிறோம். துளையின் சுவரில் அறுபட்ட இழை நுனிகள் வெளியே தெரிகின்றன. அவற்றின் வழியே நீர், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, மெதுவாக உள்ளே போகும். எஞ்சின் மாட்டும் பின்பலகையில் பல படகுகளுக்கு உள்ளே பிளைவுட் வைத்து மேலே பைபர் போர்த்தியிருப்பார்கள். நீர் அந்தப் பலகைக்குப் போய்விட்டால் வெளியே படகு புதிதாகவே தெரியும். உள்ளே மரம் ஊறிக் கூழாகிக்கொண்டிருக்கும். அனுபவமுள்ளவர்கள் ஒரு ரூபாய் நாணயத்தாலோ ஸ்பேனரின் பின்பக்கத்தாலோ தட்டிக்கொண்டே வருவார்கள். மண்பானையைத் தட்டிப் பார்த்து வாங்குவது போலத்தான். நல்ல இடத்தில் கணீரென்று கேட்கும். ஊறிய இடத்தில் சத்தம் செத்துப்போய் 'தொப்' என்று விழும்.

நீர் தானாகத்தான் உள்ளே போகிறது என்று சொன்னால் அது பாதி உண்மைதான். பல நேரங்களில் படகே அதை உறிஞ்சுகிறது. எனக்கு இந்த விஷயத்திலேயே மிகப் பெரிய வியப்பு இதுதான்.

லேசரின் உடல் ஏறக்குறைய முழுவதும் மூடிய காற்றறை. கவிழ்ந்தாலும் மிதக்க வேண்டும் என்பதற்காக அப்படி. மே மாத வெயிலில் அதைக் கரையில் கிடத்தியிருக்கிறோம். உள்ளே காற்று 50 டிகிரி செல்சியஸுக்குச் சூடேறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். விரிந்த காற்றில் ஒரு பகுதி சின்னச் சின்ன இடுக்குகள் வழியே வெளியேறிவிடும். இப்போது படகைத் தள்ளி 29 டிகிரி கடல்நீரில் இறக்குகிறோம். சில நிமிடங்களில் உள்ளிருக்கும் காற்று குளிர்கிறது. மூடிய பாத்திரத்தில் காற்றின் அழுத்தம் அதன் தனிவெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் மாறும். 50 டிகிரியிலிருந்து 29 டிகிரிக்கு, அதாவது 323 கெல்வினிலிருந்து 302 கெல்வினுக்கு இறங்கினால் அழுத்தம் நூற்றுக்கு ஆறரைப் பங்கு குறையும். சிறிய எண்தான். ஆனால் வளிமண்டல அழுத்தம் சுமார் 10 மீட்டர் உயர நீரைத் தாங்கக்கூடியது. அதில் ஆறரை சதவீதம் என்றால் சுமார் 65 சென்டிமீட்டர் உயர நீர். அதாவது, இளநீரில் ஸ்ட்ராவைப் போட்டு உறிஞ்சுவது போலப் படகு தன் ஒவ்வொரு போல்ட்டுத் துளையிலும் வாய் வைத்து இழுக்கிறது. மேல்தளத்தில் அலை தெறித்துத் தேங்கிய ஒரு கரண்டித் தண்ணீர் போதும். கடலுக்குள் மூழ்காத, தண்ணீர்மட்டத்துக்கு ஒரு முழம் மேலே இருக்கும் போல்ட்டும் கசிவதற்கு இதுதான் காரணம்.

இதனால்தான் இத்தகைய படகுகளில் காற்று போய்வர வேண்டுமென்றே ஒரு நுண்துளை விட்டிருப்பார்கள். பழுது என்று எண்ணி யாராவது அதை அடைத்துவிட்டால் மற்ற எல்லா இடத்திலும் உறிஞ்சல் கூடிவிடும். இரண்டு லிட்டர் நீர் உள்ளே போனால் 59 கிலோ படகில் இரண்டு கிலோ ஏறுகிறது. அதுவும் படகு சாயும் பக்கமெல்லாம் ஓடி, சாய்வை இன்னும் அதிகமாக்கும் இரண்டு கிலோ. பந்தயத்தில் இது தோல்வி. முகத்துவாரத்து அலையைத் தாண்டும் மீனவருக்கு அதைவிடப் பெரிய விஷயம்.

இனி அந்தப் பழுப்புக்கு வருவோம். போல்ட்டு எவர்சில்வர் ஆயிற்றே, துரு எப்படி வந்தது?

நம் வீட்டு எவர்சில்வர் டம்ளர் துருப்பிடிக்காததற்குக் காரணம் அதில் கலந்திருக்கும் குரோமியம். அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து சில நானோமீட்டர் தடிமனில் ஒரு படலத்தைப் போர்த்திக்கொள்கிறது. கீறல் விழுந்தால் அந்த நொடியே புதுப் படலம் உண்டாகிவிடும். அந்தப் படலத்துக்குச் சாப்பாடு ஆக்சிஜன். திறந்த வெளியில் இருக்கும் போல்ட்டுத் தலைக்கு அது தாராளமாகக் கிடைக்கிறது. துளைக்குள் சிக்கிய தண்ணீரில்? இருக்கும் கொஞ்ச ஆக்சிஜனும் தீர்ந்துபோகிறது, புதிதாக வர வழியில்லை. படலம் பழுதானால் ஆற முடியாது. அந்த இடுக்கில் உலோகம் கரையத் தொடங்குகிறது; கரைந்த உலோக அயனிகள் உப்பிலிருந்து குளோரைடை உள்ளே இழுக்கின்றன; இடுக்கு நீர் அமிலமாகிறது; அமிலம் இன்னும் வேகமாகக் கரைக்கிறது. வாய்ப்பக்கம் போர்த்திய சீலன்ட் என்ற அடைப்புப் பசை கிழிந்து, உள்ளே ஈரம் தங்கியிருந்தால், கழற்றிப் பார்க்கும்போது தலையும் நுனியும் வெள்ளிபோல மின்னும். நடுவே மட்டும் எலி கடித்ததுபோல இளைத்திருக்கும். 304 என்ற ரக எவர்சில்வரைவிட மாலிப்டினம் சேர்ந்த 316 ரகம் இதைக் கூடுதலாகத் தாங்கும். நிறுத்தாது.

ஆகவே பழுப்புக் கோடு வந்த போல்ட்டைத் துடைத்துவிட்டுப் போவது ஆபத்து. கழற்றிப் பார்த்தே ஆக வேண்டும். எஞ்சினும் சுக்கானும் தொங்குவது அந்த நடுப்பகுதியில்.

கழற்றியாயிற்று. திரும்ப மாட்டும்போது எதை வைத்து அடைப்பது? இங்கேதான் நல்ல கைகாரர்களும் தவறுகிறார்கள். இரண்டு உருண்டைகளைப் பிசைந்து ஒட்டும் எபாக்சி மக்கு எல்லா வீட்டிலும் உண்டு, கல்லாக இறுகும். விரிசலை நிரப்ப அது நல்லது. போல்ட்டைச் சுற்றி வைத்தால் சில வாரங்களில் முடிபோல ஒரு வெடிப்பு விடும். ஏனென்றால் அந்த இடம் அசையும். காற்று பாயை இழுக்கும்போதும் எஞ்சின் அதிரும்போதும் சட்டம் மயிரிழை அளவு நகர்ந்துகொண்டே இருக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு. சட்டத்துக்கும் படகுக்கும் இடையே பசை 0.1 மில்லிமீட்டர் தடிமனில் இருக்கிறது, சட்டம் 0.1 மில்லிமீட்டர் தூக்குகிறது. பசை தன் அளவைப்போல இரண்டு மடங்காக நீள வேண்டும். அதே பசை ஒரு மில்லிமீட்டர் தடிமனில் இருந்தால்? நூற்றுக்குப் பத்துப் பங்கு நீண்டால் போதும். முதலாவது கிழியும், இரண்டாவது பல ஆண்டு தாங்கும். பசை ஒன்றே, அசைவு ஒன்றே. மாறியது தடிமன் மட்டும். ஆனால் நாம் என்ன செய்கிறோம்? பசையைத் தடவி, ஸ்பேனர் போட்டு, முழுப் பலத்தோடு முடுக்கி, அத்தனையையும் வெளியே பிதுக்கிவிடுகிறோம். இறுக்கினால்தான் கசியாது என்ற நம்பிக்கையே கசிவை உண்டாக்குகிறது.

சரியான முறைக்குப் பொறுமை வேண்டும். துளையின் வாயைச் சற்றுப் பெரிய துரப்பண முனையால் சின்னக் கிண்ணம்போல விரிக்க வேண்டும்; அங்கே தங்கும் பசை போல்ட்டைச் சுற்றி ஒரு ரப்பர் வளையமாக இறுகும். பிளைவுட் உள்ள இடமென்றால் துளையை முதலில் பெரிதாக்கி, எபாக்சியால் நிரப்பி, அது இறுகியபின் அதன் நடுவே சரியான அளவில் மறுபடி துளைக்க வேண்டும். அப்போது போல்ட்டு வழியே நீர் வந்தாலும் மரத்தைத் தொடாது. பிறகு சீலன்ட்டைத் தாராளமாக வைத்து, ஓரமெல்லாம் மெல்லப் பிதுங்கும்வரை மட்டும் முடுக்கி, விட்டுவிட வேண்டும். அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ, பசை ரப்பராகிய பிறகு, கடைசிச் சுற்று. அதிலும் போல்ட்டுத் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு உள்ளேயிருக்கும் நட்டைத்தான் திருக வேண்டும். தலையைத் திருகினால் அதைச் சுற்றி உருவான வளையம் அறுந்துபோகும்.

பசை வகையில் என் பரிந்துரை பாலிசல்பைடு. 1920-களில் அமெரிக்காவில் தற்செயலாகப் பிறந்த செயற்கை ரப்பர் குடும்பம் இது. விமான எரிபொருள் தொட்டிகளை அடைக்க இன்றும் இதைத்தான் நம்புகிறார்கள். வளைந்து கொடுக்கும், ஒட்டும், வேண்டும்போது கழற்றவும் விடும். பாலியூரித்தேன் அதைவிட வலுவாக ஒட்டும். கழற்றும்போது ஜெல்கோட்டையும் பெயர்த்துக்கொண்டு வரும் அளவுக்கு. சிலிகான் எங்கும் கிடைக்கும், கண்ணாடி சன்னலுக்கும் குளியலறைக்கும் அருமை. படகில் அது விட்டுப்போகும் எண்ணெய்ப் படலத்தின்மேல் பெயிண்ட்டும் ஒட்டாது, வேறு பசையும் ஒட்டாது, அதே சிலிகான்கூடச் சரியாக ஒட்டாது. ஒருமுறை வைத்தால் அந்த இடத்தை மீட்பது பெரும்பாடு.

அசைவுக்கு இடம் கொடுக்கும் அறிவு இந்தக் கடற்கரைக்குப் புதிதல்ல. சென்னையில் துறைமுகம் வருவதற்கு முன்னால், அலை மோதும் கரைக்கும் தொலைவில் நின்ற கப்பலுக்கும் இடையே ஆட்களையும் மூட்டைகளையும் சுமந்தவை மசூலாப் படகுகள். அவற்றில் ஆணியே கிடையாது. பலகைகளைக் கயிற்றால் தைத்து, தையலுக்கு அடியில் வைக்கோல்போல நாரைத் திணித்திருப்பார்கள். ஆணியடித்த ஐரோப்பியப் படகுகள் சென்னை அலையில் மோதிச் சிதறின. தைத்த படகு மோதும்போது வளைந்து கொடுத்தது. கொஞ்சம் கசியும், ஓர் ஆள் இறைத்துக்கொண்டே இருப்பார். ஆனால் உடையாது. அந்த நார்த் திணிப்புதான் இன்றைய சீலன்ட்டின் மூத்த உறவு. இரண்டும் செய்வது ஒன்றே: அசைவைத் தாங்களே வாங்கிக்கொள்வது.

அடைத்தாயிற்று என்றால் அடுத்தது கறை. பலரும் முதலில் எடுப்பது பிளீச்சிங் திரவம். துரு என்பது ஏற்கெனவே ஆக்சிஜனோடு சேர்ந்து முடிந்த இரும்பு. பிளீச்சிங் செய்வதோ மேலும் ஆக்சிஜன் ஏற்றும் வேலை. துருவிடம் அதற்கு வேலையே இல்லை. போதாக்குறைக்கு அதிலுள்ள குளோரின் எவர்சில்வரையும் தாக்கும். கழிவறைக்கு ஊற்றும் ஆசிட் துருவைக் கரைக்கும்தான். அதுவும் குளோரைடு, போல்ட்டின் இடுக்கில் நாமே விஷம் ஊற்றியதாகும். இரும்பு நாரால் தேய்ப்பது இன்னும் கெடுதல்: உடைந்த இரும்புத் துகள்கள் ஜெல்கோட்டில் பதிந்து, மறுநாள் காலையில் நூறு புதுத் துருப்புள்ளிகளாக எழும்.

வேண்டியது ஆக்ஸாலிக் அமிலம். தோட்டத்து ஓரத்தில் தானாக முளைக்கும் புளியாரைக் கீரையைக் கிள்ளி வாயில் போட்டிருப்பீர்கள். அதன் புளிப்பு இதுதான். அந்தச் செடியின் தாவரவியல் பெயரான ஆக்ஸாலிஸிலிருந்தே அமிலம் பெயர் பெற்றது. இது துருவைத் தேய்த்து எடுப்பதில்லை. இரும்பு அயனியை இரண்டு கைகளாலும் அணைத்துப் பிடித்து, நீரில் கரையும் சேர்மமாக மாற்றிவிடுகிறது. ஒரு லிட்டர் நீருக்கு 50 கிராம் தூள் போதும். துணியை நனைத்துக் கறைமேல் ஒட்டிவைத்து, காய விடாமல் பத்து நிமிடம் காத்திருந்தால், தேய்க்காமலே பழுப்பு மங்கி மறைவதைக் கண்ணால் பார்க்கலாம். பிறகு நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். கீரையில் இருப்பது துளி. தூளாக இருப்பது நஞ்சு. உடலுக்குள் போனால் கால்சியத்தோடு சேர்ந்து சிறுநீரகத்தில் படிகமாகும். கையுறை, கண்ணாடி, முகமூடி மூன்றும் கட்டாயம். கழுவிய நீரைச் சமையல் சோடா தூவி அடக்கிவிட்டு, ஏரியில் விடாமல் அப்பால் கொட்டுவது நல்லது.

பழவேற்காடு போன்ற உப்பங்கழியில் இன்னொரு கறையும் வரும்: தண்ணீர்மட்டத்தை ஒட்டி, தேநீர்க் கோப்பையில் படிவது போன்ற ஒரு பட்டை. அழுகிய இலையும் மரப்பட்டையும் நீரில் விடும் டானின் அது. துருவும் டானினும் ஒரே இடத்தில் சந்தித்தால் பட்டை கருத்துவிடும். இந்த வேதியியலை நம் முன்னோர் நன்றாக அறிந்திருந்தார்கள். கடுக்காய்ச் சாற்றில் அன்னபேதியைக் கலந்து எழுதுமை செய்தார்களே, அதேதான்: கடுக்காயின் டானின், அன்னபேதியின் இரும்பு, இரண்டும் கூடிக் கருமை. படகின் விளிம்பில் ஏரி தன்னால் மை காய்ச்சியிருக்கிறது. ஆக்ஸாலிக் அமிலத்தைப் பழைய காலத்து எழுத்தர்கள் மைக்கறை போக்கும் மருந்தாக வைத்திருந்ததும் இந்தக் காரணத்தால்தான்.

வெயிலில் வெளிறிய படகைக் கையால் தடவினால் சுண்ணாம்புபோல ஒட்டும். புற ஊதாக் கதிர் பிசினை மேற்பரப்பில் சிதைத்திருக்கிறது; அந்தப் பொடிப் பரப்பு கடற்பஞ்சுபோலக் கறையைக் குடிக்கும். மெருகேற்றி மெழுகு பூசினால் பல மாதம் நிற்கும். ஆனால் ஜெல்கோட் அரை மில்லிமீட்டர்தான் என்பது நினைவிருக்கட்டும். ஒவ்வொரு மெருகும் அதிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது.

எல்லாம் முடிந்ததும் ஒரு சோதனை பாக்கி. லேசர் போன்ற மூடிய படகென்றால் வடிகுழாயின் மூடியைக் கழற்றி, அங்கே ஒரு ரப்பர் குழாயைப் பொருத்தி, வாயால் மெல்ல ஊத வேண்டும். வாயால் மட்டும்; சைக்கிள் பம்ப்பு வைத்தால் தளமே பிளந்துவிடலாம். இன்னொருவர் சோப்புத் தண்ணீரைத் துணியால் தொட்டு ஒவ்வொரு போல்ட்டின் மேலும் தடவிக்கொண்டே வர வேண்டும். பஞ்சர் கடையில் டியூபைத் தண்ணீரில் அமுக்கிப் பார்ப்பவர் எப்படிக் கண்ணெடுக்காமல் பார்ப்பாரோ, அப்படிப் பார்க்க வேண்டும். ஒழுங்காக உட்கார்ந்த போல்ட்டில் சோப்புப் படலம் அசையாமல் வானவில் காட்டி நிற்கும். எங்கோ ஓரிடத்தில், நாம் சந்தேகப்படாத ஒரு போல்ட்டின் அடியில், ஒரு குமிழி மெல்ல எழும். அதைச் சுற்றி ஜெல்கோட்டில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டுவிட்டு, ஸ்பேனரைத் திரும்ப எடுக்க வேண்டியதுதான்.